காட்டு மண்ணும் கழனி மண்ணும்

வைப்பு நிதியின் வட்டியை மட்டும் எடுத்துச் செலவிடுவோன் நெடுநாள் வாழ்வான். முதலையும் எடுத்துண்போன் விரைவில் வறியனாவான். சங்க அங்கத்தினர் யாவரும் அறிந்த இவ்வுண்மை மண்ணுக்கும் பொருந்தும்.

காட்டிற்கு உரமிடுவார் எவருமிலர். எனினும் மரங்கள் செழிக்கின்றன. காரணம் யாதெனின், வேர் எடுத்த சத்து சருகாக உதிர்ந்து, மட்கி, மீண்டும் மண்ணையே சேர்கிறது. சருகுப் போர்வை மழைத்துளியின் வேகத்தையும் தணிக்கிறது.

காட்டைத் திருத்தி உழுதால் முதற் சில ஆண்டுகள் விளைச்சல் மிகும். அது சேமித்த முதலின் செலவேயாகும். உழவினால் காற்றும் வெப்பமும் உட்புக, நுண்ணுயிர்கள் மட்கை விரைந்து கரைக்கின்றன. அறுவடையோ சத்தை வெளியேற்றுகிறது. ஒரு டன் நெல்லுடன், வைக்கோலையும் சேர்த்து, ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ தழைச்சத்து நிலத்தை விட்டு நீங்குகிறது. சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலிலேயே உள்ளது.

நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டு முதல் சோலைகளும் புல்வெளிகளும் தோட்டப் பயிர்களுக்கும் உருளைக்கிழங்கிற்கும் இடங்கொடுத்தன. சரிவுகளில் மேல்மண் மழைநீரோடு ஓடைகளை அடைந்தது. 1954இல் உதகமண்டலத்தில் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. சரிவுக்குக் குறுக்கே உழுதலும், படித்தளம் அமைத்தலும் இதற்குரிய பரிகாரங்களாம்.

இழந்தது மீளுமா? இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் பண்ணையில் 1882இல் ஒரு சிறு கோதுமை நிலத்தை அறுவடை செய்யாது விட்டனர். அது இன்று காடாகியுள்ளது. மண்ணின் கரிமச்சத்தும் இருமடங்குக்கு மேல் பெருகியது. ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்திற்கு வருவோம். சோழமண்டலக் கரைக்குரிய வறண்ட பசுமைமாறாக் காடுகள் இன்று கோயிற்காடுகளிலும் காப்புக்காடுகளிலும் துண்டுகளாகவே எஞ்சியுள்ளன. கழனிகள் பலவும் தொழிற்சாலைகளாயின. எஞ்சிய நிலத்தையும், "நாளை விற்பதுதானே" என்று எருவிடாது விடுதல் தகுமோ? விற்கும் நாள் வரும்வரை அந்நிலமே சோறிடல் வேண்டும். குத்தகைதாரருக்கோ வேறு முதலே இல்லை. உரக்கடனில் வாங்கும் யூரியா தழைச்சத்தைத் தருமேயன்றி, மட்கைத் தாராது.

ஆதலின் அங்கத்தினர் செய்யத்தக்கவை:

1. நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுக.

2. வைக்கோலையும் தாளையும் எரியாதீர். மாட்டுக்கிட்டு, சாணத்தை நிலத்திற்குத் திருப்புக.

3. ஏரி வண்டலைக் கூட்டாக எடுத்துப் பரப்புக. 2024 முதல் வட்டாட்சியரிடமே இதற்கு அனுமதி பெறலாம்.

4. மண் பரிசோதனை செய்த பின்னரே உரக்கடன் கேட்க.

எடுத்ததைத் திருப்பிச் செலுத்துதலே கூட்டுறவின் முதல் நெறி. சங்கத்திற்குத் தவணை தவறாத நாம், மண்ணிற்கும் தவணை தவறாதிருப்போமாக.