நிழலும் படியும்

பொருளை ஈட்டுதல் அரிது. ஈட்டிய பொருளை இழவாமல் காத்தல் அதனினும் அரிது. இவ்வுண்மை பொற்செல்வத்திற்கு மட்டுமன்றி அறிவுச் செல்வத்திற்கும் பொருந்தும்.

தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறையொன்றில் அடைபட்டுக் கிடந்தன என்பதும், சோழ மன்னன் அவ்வறையைத் திறப்பித்தபோது அவற்றுள் பெரும்பகுதி கறையானுக்கு இரையாகியிருந்தது என்பதும் வழிவழியாக வரும் செய்தி. ஓரிடத்தில் மட்டும் வைத்த பொருள் அடைந்த நிலை அது. பல ஊர்களில் படியெடுத்து வைக்கப்பெற்ற நூல்களின் நிலையோ வேறு. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல இடங்களிலிருந்து ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கினார். ஓர் ஏட்டில் சிதைந்த பகுதியை மற்றோர் ஏடு காத்து வைத்திருந்தது. பிற்காலத்தில், 1924 முதல் 1927 வரை, அப்பெரியார் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக விளங்கினார். அக்கல்லூரி முதலியவற்றை அடிப்படையாகக் கொண்டு 1929இல் தோன்றியதே அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அது திகழும் இடம் அண்ணாமலை நகர்.

இக்காலத்தில் நாம் பனையோலையில் எழுதுவதில்லை. கட்டுரையும் படமும் ஒலிப்பதிவும் கணினியில் கோப்புகளாக உறைகின்றன. அவற்றை இணையத்தின் வழியே தொலைவிலுள்ள தரவு மையங்களுக்கு அனுப்பி வைத்தலை மேகச் சேமிப்பு என்பர். பெயர் மேகமாயினும் பொருள் வானத்தில் இல்லை. நிலத்தின்மேல் எழுப்பிய கூடங்களில், எண்ணற்ற கணினி வட்டுகளில் உள்ளது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூர்ப் பகுதியைத் தாக்கியது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் அம்மாவட்டத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. இத்தகைய கடற்கரை நாட்டில் வாழ்வோர்க்கு, வீட்டுக் கணினி நனைந்து அழிந்தாலும் எழுதியது அழியாதிருக்கத் தொலைவில் ஒரு படி இருத்தல் நன்றேயாம்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் முதலிய மென்பொருள்கள் இப்பணியைச் செய்கின்றன. கணினியிலுள்ள கோப்புறையும் மேகத்திலுள்ள கோப்புறையும் எப்பொழுதும் ஒரே தன்மையாய் இருக்குமாறு இவை பார்த்துக்கொள்ளும். இதற்கு ஒத்திசைவு என்று பெயர். இங்கே ஒரு சொல்லைத் திருத்தினால் அங்கும் திருந்தும். இங்கே ஒரு கோப்பை நீக்கினால் அங்கும் நீங்கும். ஆகவே ஒத்திசைந்த கோப்பு, தனித்து நிற்கும் ஏட்டுப்படி போன்றதன்று. உருவோடு ஒட்டிய நிழல் போன்றது. இவ்வேறுபாட்டை மறந்தவர்க்கு நேரும் இடரை ஓர் எடுத்துக்காட்டால் அறிவோம்.

அண்ணாமலை நகரில் தங்கி ஆராயும் மாணவர் நால்வர், கிள்ளை, பிச்சாவரம் முதலிய ஊர்களில் மீனவர் பாடல்களைப் பதிவு செய்து, பொதுக் கோப்புறை ஒன்றில் சேர்த்து வருகின்றனர் என்று கொள்வோம். அதன் அளவு 140 ஜி.பி. அவர்களுள் ஒருவருடைய கணினி வட்டு 256 ஜி.பி. கொள்ளும். அதில் 130 ஜி.பி. இடத்தை ஏனைய மென்பொருள்களும் கோப்புகளும் முன்னரே நிரப்பியுள்ளன. எஞ்சிய 126 ஜி.பி. இடத்தில் 140 எவ்வாறு அடங்கும்? ஒருநாள், "வட்டில் இடமில்லை" என்னும் எச்சரிக்கை திரையில் தோன்றுகிறது. "எல்லாம் மேகத்தில் உள்ளனவே; இங்குள்ளவற்றை அழித்தால் என்ன?" என்று எண்ணி அவர் கோப்புறையைக் காலி செய்கிறார். நிழலை மட்டும் நீக்கியதாக அவர் கருத, உருவும் உடன் நீங்குகிறது. மேகத்திலும் பாடல்கள் இல்லை. தோழர் மூவர் கணினியிலும் இல்லை. நீக்கிய கோப்பு மேகத்தின் குப்பைத் தொட்டியில் சில காலம் கிடக்கும்; கூகுள் டிரைவில் அக்காலம் 30 நாள். அதற்குள் உணர்ந்தால் மீட்கலாம். அதன்பின் உணர்ந்தால், பாடித் தந்த முதியவரை மீண்டும் தேடிச் செல்ல வேண்டும். அவர் இருப்பாரோ, இரார் என்பதை யாரே அறிவர்?

நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருந்து கொடுத்தல் வேண்டும். வட்டு நிரம்புதற்குரிய காரணங்கள் பெரும்பாலும் நான்கு. மேகத்திலுள்ள யாவற்றையும் கணினியிலும் முழுமையாக வைக்குமாறு அமைத்திருத்தல் முதற்காரணம். மென்பொருள் தன் வேலைக்கெனக் கோப்புகளை மறைவான கிடங்கு ஒன்றில் சேர்த்து வைத்தல் இரண்டாவது. இணைய இணைப்புத் தளர்ந்தால், மேலேறக் காத்திருக்கும் கோப்புகளும் இத்தகைய கிடங்கில் தேங்கலாம். ஒரே கோப்பை இருவர் ஒரே வேளையில் திருத்தும்போது முரண்பட்ட படிகள் பெருகுதல் மூன்றாவது. நீக்கிய கோப்புகள் கணினியின் குப்பைத் தொட்டியில் இடம்பிடித்துக் கிடத்தல் நான்காவது.

இனி, தீர்க்கும் முறையைக் காண்போம். முதற்கண், எதையும் அழித்தல் கூடாது. எந்தக் கோப்புறை மிகுந்த இடத்தைக் கொண்டுள்ளது என்று அளந்து பார்த்தல் வேண்டும். விண்டோஸ் கணினியில் ஒரு கோப்பின் இயல்புகளைத் திறந்தால், கோப்பின் அளவும் அது வட்டில் கொள்ளும் அளவும் தனித்தனியே காணப்படும். முன்னது பெரிதாகவும் பின்னது சுழியமாகவும் இருந்தால், கணினியில் இருப்பது பெயர் மட்டுமே. பொருள் மேகத்தில் உள்ளது என்று அறியலாம். இரண்டும் பெரிதாயின், இடத்தைக் கொண்டிருப்பது அக்கோப்பே.

அடுத்து, உலாவியின் வழியே மேகச் சேமிப்பைத் திறந்து, கோப்புகள் அங்கே சேர்ந்துவிட்டனவா என்று கண்ணால் கண்டு தெளிதல் வேண்டும். சேராதவை இருப்பின், அவற்றைத் தனி வட்டு ஒன்றில் முதலில் படியெடுத்து வைக்க வேண்டும். இதனைச் செய்யாமல் மறைவுக் கிடங்கைத் துடைத்தால், மேகத்திற்கும் போகாமல் கணினியிலும் நில்லாமல் அக்கோப்புகள் அழிந்தொழியும்.

அதன் பின்னரே இடத்தை விடுவித்தல் தகும். ஒன்டிரைவில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்னும் கட்டளை உண்டு. அது கோப்பின் பெயரைக் கணினியில் நிறுத்திப் பொருளை மேகத்தில் மட்டும் வைக்கும். கோப்பைத் திறக்கும்போது பொருள் இறங்கி வரும். கூகுள் டிரைவில் 'மிரர்' என்னும் அமைப்பை விடுத்து 'ஸ்ட்ரீம்' என்பதைத் தேர்ந்தால், வேண்டும் கோப்பு வேண்டும்போது மட்டும் வரும். டிராப்பாக்ஸின் மறைவுக் கிடங்கு வழக்கமாக மூன்று நாளுக்கு ஒருமுறை தானே துடைக்கப்படும், அவசரப்படத் தேவையில்லை. முரண்பட்ட படிகளை ஒப்புநோக்கிச் செவ்விய படியைக் கைக்கொண்டு ஏனையவற்றை நீக்கலாம். இது பதிப்பாசிரியர் வேலைக்கு ஒப்பானது. குப்பைத் தொட்டியை இறுதியில் ஒழித்தலே முறை. சுருங்கச் சொன்னால், அழிக்கும் பொத்தான் வேறு, விடுவிக்கும் கட்டளை வேறு.

இவ்வளவும் செய்த பின்னரும் ஒரு கடமை எஞ்சி நிற்கிறது. மாணவர்களே! உங்கள் அரிய கோப்புகளுக்கு, ஒத்திசைவில் சேராத படி ஒன்றைத் தனி வட்டில் எழுதி, கணினியிலிருந்து பிரித்து வேறிடத்தில் வையுங்கள். நிழல்கள் நூறு இருப்பினும், உரு மறைந்தால் அனைத்தும் ஒருங்கே மறையும். தனித்த படி ஒன்று இருப்பின், ஏனைய யாவும் அழிந்தபோதும் அது நின்று துணை செய்யும். ஓலைச் சுவடிகளை ஊர்தோறும் படியெடுத்து வைத்த நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். கருவி மாறினும் காக்கும் நெறி மாறவில்லை.