ஓர் எண் போதுமா?

வாசிக்கும் முன்

உங்கள் வீட்டில் யாராவது இரத்தச் சர்க்கரையைச் சோதிப்பது உண்டா? கருவியில் தெரியும் எண்ணை வைத்து அவர்கள் என்ன முடிவு எடுக்கிறார்கள்? நண்பருடன் கலந்துரையாடுங்கள்.

வாசிப்புப் பகுதி

எங்கள் வீட்டில் இருவருக்கு நீரிழிவு. ஒருவர் என் பாட்டி. மற்றவன் பொன்னன்.

பொன்னன் பத்து வயதுப் பூனை. மாமா வேலைக்காக வெளிநாடு சென்றபோது, அவருடைய தரைவீட்டிலிருந்து எங்கள் வீவக வீட்டுக்கு வந்தவன். 2024ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி உண்டு என்பதால், உரிமம் எடுத்து அவனை வைத்துக்கொண்டோம். வந்தபோது அவனது எடை ஏழு கிலோகிராம். சாப்பிடுவதும் சன்னலோரம் தூங்குவதும்தான் அவன் வேலை.

சில மாதங்களில் அவனிடம் மாற்றம் தெரிந்தது. தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியானது. அவன் கழிக்கும் மணல் தட்டு ஒரே நாளில் நனைந்து கனத்தது. எப்போதும் பசி, ஆனால், உடல் மட்டும் இளைத்துக்கொண்டே போனது.

“தாகம், பசி, உடல் இளைப்பு. எனக்கும் முதலில் இப்படித்தான் இருந்தது, கண்ணு. இவனை மருத்துவரிடம் காட்டுவோம்,” என்றார் பாட்டி.

முதல் எண்: 17

கால்நடை மருத்துவர் பொன்னனின் இரத்தத்தைச் சோதித்தார். ஒரு லிட்டருக்கு 17 மில்லிமோல் என்று கருவி காட்டியது. ஆரோக்கியமான பூனையின் இரத்தத்தில் ஏறத்தாழ 4 முதல் 8 மில்லிமோல் வரைதான் சர்க்கரை இருக்கும் என்று அவர் விளக்கினார்.

“அப்படியென்றால் நீரிழிவுதானே, டாக்டர்?” என்று அம்மா கேட்டார்.

“இந்த ஓர் எண்ணை வைத்து நான் முடிவு சொல்லமாட்டேன். இவன் கூண்டில் அடைபட்டு, டாக்சியில் வந்திருக்கிறான். வெளியே நாய் குரைக்கிறது. பயந்துபோன பூனையின் உடல், ஆபத்திலிருந்து தப்பி ஓடுவதற்காக இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டிவிடும். நீரிழிவு இல்லாத பூனைக்குக்கூட, பதற்றத்தில் சர்க்கரை அளவு 10ஐத் தாண்டும். சில வேளைகளில் 16க்கும் மேலே போய்விடும்,” என்றார் மருத்துவர்.

அதனால் அவர் மேலும் இரண்டு சோதனைகளைச் செய்தார். ஒன்று, சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பது. மற்றொன்று, ‘ஃபிரக்டோசமின்’ எனும் இரத்தச் சோதனை. கடந்த ஒன்றிரண்டு வாரங்களில் சர்க்கரை பொதுவாக எந்த அளவில் இருந்தது என்பதை அது காட்டும். அன்றைய பயம் அதை மாற்றாது. இரண்டு சோதனைகளும், நாங்கள் சொன்ன அறிகுறிகளும் ஒன்றையே சுட்டின. பொன்னனுக்கு நீரிழிவுதான்.

உடலுக்குள் நடப்பது என்ன?

உணவிலிருந்து கிடைக்கும் சர்க்கரை, உயிரணுக்களுக்குள் சென்றால்தான் உடலுக்கு ஆற்றல் கிடைக்கும். அதற்கு வழி திறந்துவிடுவது, கணையம் சுரக்கும் இன்சுலின். இன்சுலின் போதாமல் போனாலோ உடல் அதற்குச் சரியாக இணங்காவிட்டாலோ, சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கிவிடும். உயிரணுக்கள் பட்டினி கிடக்கும். அதனால்தான் எவ்வளவு சாப்பிட்டும் பொன்னன் இளைத்தான். அதிக எடை, முதுமை, ஓடியாடாத வாழ்க்கை ஆகியவை பூனைகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

தாகத்திற்கும் காரணம் உண்டு. இரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீரகங்கள் ஓரளவு வரை வெளியே விடாமல் தடுத்துவிடும். பூனைகளுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 14 முதல் 16 மில்லிமோல். அதைத் தாண்டினால் சர்க்கரை சிறுநீரில் கலக்கும். தன்னோடு நீரையும் இழுத்துச் செல்லும். இழந்த நீரை ஈடுகட்டத்தான் பொன்னன் ஓயாமல் தண்ணீர் குடித்தான்.

மருத்துவர் மாவுச்சத்துக் குறைந்த உணவையும், காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் இரண்டு யூனிட் இன்சுலினையும் பரிந்துரைத்தார். காது ஓரத்தில் மெல்லிய ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிக்கவும் கற்றுக்கொடுத்தார். “என்னைக் கேட்காமல் மருந்தின் அளவை மாற்றாதீர்கள்,” என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

நான் செய்த தவறு

அது ஒரு சனிக்கிழமை. அம்மா வேலைக்குப் போய்விட்டார். காலை எட்டு மணிக்குச் சோதித்தபோது கருவி 16.3 என்று காட்டியது.

“பதினாறா!” என்று பாட்டி பதறினார். உணவுக்கு முன் 4க்கும் 7க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று பாட்டியின் மருத்துவர் அவருக்குச் சொல்லியிருந்தார். அந்தக் கணக்கில் பார்த்தால் 16 மிகவும் அதிகம். நானும் பயந்துவிட்டேன். ஒரு யூனிட் கூடுதலாகக் கொடுத்தால் எண் இறங்கிவிடும் என்று எண்ணி, மூன்று யூனிட் போட்டேன். பொன்னன் பாதி உணவைக் கிண்ணத்திலேயே விட்டுச் சென்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நண்பகலில் பொன்னனைக் கூப்பிட்டேன். அவன் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்தான். எழ முயன்றபோது பின்னங்கால்கள் தள்ளாடின. தலை இலேசாக நடுங்கியது. அவசரமாகச் சோதித்தேன். 2.4!

“சர்க்கரை இறங்கிவிட்டது! எனக்கு இறங்கும்போதும் இப்படித்தான் கை நடுங்கும். தேனை எடுத்து வா, டாக்டருக்குப் போன் போடு,” என்றார் பாட்டி. உணவைக் காட்டினோம், பொன்னன் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தேனை வாய்க்குள் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். விரலில் தொட்டு ஈறுகளில் தடவுங்கள். உடனே இங்கே கொண்டுவாருங்கள்,” என்று மருந்தகத்தில் சொன்னார்கள். டாக்சியில் போகும் வழியெல்லாம் பாட்டி அவன் ஈறுகளில் தேன் தடவிக்கொண்டே வந்தார். நான் ஒன்றும் பேசவில்லை.

பொன்னன் அன்றிரவு அங்கேயே தங்கினான். பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் மருத்துவர் என்னைத் திட்டவில்லை. “தம்பி, காலையில் பார்த்த 16 சரியான எண்தான். முந்தைய இரவு போட்ட மருந்தின் வேகம் குறைந்துவிட்டது என்பதைத்தான் அது காட்டியது. அடுத்த ஊசி வேலை செய்யும்போது சர்க்கரை எதுவரை இறங்கும் என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது. சர்க்கரை அதிகமாக இருந்தால் ஒன்றிரண்டு நாள் காத்திருந்து யோசிக்கலாம். மிகவும் இறங்கிவிட்டால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க முடியாது,” என்றார்.

ஒரு நாளின் ஏற்ற இறக்கம்

பொன்னன் தேறியதும், மீண்டும் இரண்டு யூனிட் கொடுத்து, ஒரு நாள் முழுவதும் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை சோதித்து எழுதிவரும்படி மருத்துவர் கூறினார். நாங்கள் எழுதியது இதுதான்.

| நேரம் | சர்க்கரை அளவு (மில்லிமோல்) |
|---|---|
| காலை 8.00 (ஊசிக்கு முன்) | 15.2 |
| காலை 10.00 | 11.6 |
| நண்பகல் 12.00 | 8.1 |
| பிற்பகல் 2.00 | 6.4 |
| மாலை 4.00 | 8.0 |
| மாலை 6.00 | 11.3 |
| இரவு 8.00 (ஊசிக்கு முன்) | 14.5 |

எண்கள் பள்ளத்தில் இறங்கி மீண்டும் மேட்டில் ஏறுவதைப் பாருங்கள். மருத்துவர் முதலில் பார்த்தது 15.2ஐ அல்ல, 6.4ஐ. சிகிச்சை பெறும் பூனைக்கு, நாளின் ஆகக் குறைந்த அளவு ஏறத்தாழ 4.5க்கும் 8க்கும் இடையில் இருந்தால் நல்லது. அது 3.5க்குக் கீழே போனால் ஆபத்து. பொன்னனுக்கு இரண்டு யூனிட்டே போதுமானதாக இருந்தது. காலை எண்ணை மட்டும் பார்த்து நான் மருந்தைக் கூட்டியதால், பிற்பகலில் இருக்கும் பள்ளத்தை இன்னும் ஆழமாக்கிவிட்டேன்.

ஆரோக்கியமான பூனைக்கு உரிய 4 முதல் 8 என்னும் அளவில் நாள் முழுவதும் இருக்கவேண்டும் என்று நீரிழிவுள்ள பூனையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெரும்பாலான நேரம் சிறுநீரக எல்லையைத் தாண்டாமலும், ஒருபோதும் மிகவும் இறங்காமலும் இருந்தால், அது நன்றாகவே வாழும்.

எண்ணோடு எழுத வேண்டியவை

இப்போது எங்கள் குறிப்பேட்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் அருகே இவற்றையும் எழுதுகிறோம்:

- சோதித்த நேரமும் ஊசி போட்ட நேரமும்
- பொன்னன் சாப்பிட்ட அளவு
- குடித்த தண்ணீரின் அளவும் அவனது எடையும்
- அவன் விளையாடினானா, சோர்ந்திருந்தானா, பயந்திருந்தானா என்பது
- எந்தக் கருவியில் சோதித்தோம் என்பது

கடைசிக் குறிப்புக்கும் காரணம் உண்டு. மனிதர்களுக்காகச் செய்யப்பட்ட கருவி, பூனையின் இரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சற்றுக் குறைத்துக் காட்டக்கூடும். அதனால் பாட்டியின் கருவி பாட்டிக்கு, பொன்னனின் கருவி பொன்னனுக்கு. அவன் சரியாகச் சாப்பிடாத நாளில், ஊசி போடும் முன் மருத்துவரைக் கேட்கிறோம்.

ஐந்து மாதங்கள் கடந்துவிட்டன. தண்ணீர்க் கிண்ணம் இப்போது மாலை வரை காலியாவதில்லை. மருத்துவர் மருந்தை ஒரு யூனிட்டாகக் குறைத்திருக்கிறார். சிகிச்சையை விரைவில் தொடங்கினால், சில பூனைகள் இன்சுலின் இல்லாமலேயே வாழும் நிலைக்குத் திரும்பும் என்கிறார் அவர். பொன்னன் அந்த நிலையை அடைவானா என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

சென்ற வாரம் பாட்டி தம் மருத்துவரைப் பார்க்கப் புறப்பட்டபோது, கையில் ஒரு புதிய குறிப்பேடு இருந்தது. திறந்து பார்த்தேன். சர்க்கரை அளவுக்குப் பக்கத்தில் நேரம், உணவு, நடந்த தூரம் என்று மூன்று பத்திகள் போட்டிருந்தார்.

அருஞ்சொற்பொருள்

இளைத்தல் – உடல் மெலிதல்
கணையம் – இன்சுலினைச் சுரக்கும் உடலுறுப்பு
தேங்குதல் – ஓரிடத்திலேயே சேர்ந்து நிற்றல்
ஈடுகட்டுதல் – இழந்ததைச் சரிசெய்தல்
ஈறு – பற்களைச் சுற்றியுள்ள தசை
தேறுதல் – உடல்நிலை சீராதல்

கருத்துணர்தல் வினாக்கள்

1. பொன்னனுக்கு நீரிழிவு இருக்கலாம் என்று பாட்டி ஏன் எண்ணினார்?
2. 17 என்ற எண்ணைப் பார்த்தவுடன் மருத்துவர் முடிவு சொல்லாததற்குக் காரணம் என்ன?
3. நீரிழிவுள்ள பூனை அதிகமாகத் தண்ணீர் குடிப்பது ஏன்? உங்கள் சொந்த நடையில் விளக்குக.
4. அட்டவணையில் பொன்னனின் சர்க்கரை எந்த நேரத்தில் ஆகக் குறைவாக இருந்தது? அந்த எண்ணை மருத்துவர் முதலில் பார்த்தது ஏன்?
5. சனிக்கிழமை காலையில் கதைசொல்லி கவனிக்கத் தவறியவை யாவை? நீங்கள் அவனிடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?
6. தேர்வு மதிப்பெண், உடல் எடை போன்ற வேறு ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் என்ன தவறு நேரலாம் என்பதைக் குழுவில் கலந்துரையாடி, ஒரு பத்தி எழுதுங்கள்.