நிலத்திலேயே முளைக்கும் நிலக்கடலை: காரணமும் தடுக்கும் வழியும்

ஊத்தங்கரை வட்டத்தில் ஆடிப்பட்டத்து மானாவாரி நிலக்கடலை முற்றுவதும் ஐப்பசி மழை இறங்குவதும் பெரும்பாலும் ஒன்றாக வந்து சேர்கின்றன. அப்பகுதியில் உழவர் ஒருவர் காயை உடைத்துக் காட்டி, "ஆள் கிடைக்காமல் நாலு நாள் தள்ளிப் போட்டேன் ஐயா, காய்க்குள்ளேயே முளை விட்டுவிட்டது" என்றார். அருகில் நின்றவரின் குறையோ நேர்மாறானது. கொடிக்கடலையைப் பிடுங்கிய கையோடு விதைத்தாராம், பாதி முளைக்கவில்லை. இரண்டுக்கும் காரணம் விதை உறக்கமே. முன்னவர் விதையில் அது இல்லை. பின்னவர் விதையில் அது மிகுதி.

ரகத்தின் குணம்

டி.எம்.வி. 2 போன்ற கொத்து ரகங்களுக்கு உறக்கம் இல்லை. முற்றிய பருப்புக்கு ஈரம் கிடைத்தால் போதும், முளைத்துவிடும். கொடி ரகங்களும் டி.எம்.வி. 10 போன்ற வர்ஜீனியா வகைகளும் அறுவடைக்குப்பின் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை உறங்கும். இது மரபணு வழி வரும் குணம். கொத்து ரகங்களில் உறக்கத்தைத் தருவது ஓங்குதன்மையுள்ள ஒரே மரபணு என்று பட்டஞ்சேரு இக்ரிசாட் ஆய்வாளர்கள் 1999-ல் வெளியிட்டனர். ஆகவே, குறுகிய வயதும் இரண்டு மூன்று வார உறக்கமும் சேர்ந்த ரகங்களை ஒட்டுக்கட்டி உருவாக்க இயலும்.

உறங்க வைப்பதும் எழுப்புவதும்

விதைக்குள் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோன் முளையை அடக்கி வைக்கிறது. ஜிப்பரெல்லினும் எத்திலீனும் அதை எழுப்புகின்றன. கொத்து ரக விதை ஈரம் பட்டதும் எத்திலீன் வாயுவைத் தாராளமாக வெளியிடும். உறங்கும் வர்ஜீனியா விதையில் அது மிகக் குறைவு. வர்ஜீனியா காயைப் பிரித்துப் பார்த்தால், விழுதை ஒட்டிய பருப்பு மூக்குப் பக்கத்துப் பருப்பைவிட ஆழ்ந்து உறங்குவதைக் காணலாம்.

வெப்பமும் இதில் பங்கு கொள்கிறது. உலர்ந்த விதை வெதுவெதுப்பில் இருந்தால் உறக்கம் விரைவில் கலையும். குளிரில் வைத்தால் நீடிக்கும். விதைப் பரிசோதனைக் கூடங்களில் 40 டிகிரி செல்சியசில் வைத்து உறக்கம் கலைப்பது இதனால்தான். விதைத்தபின் 25 முதல் 30 டிகிரி மண்வெப்பம் ஏற்றது. மார்கழிக் குளிரில் முளைப்பு தாமதமாவதை இறவைக் கடலை போடுவோர் அறிவர்.

செய்ய வேண்டியவை

கொத்து ரகத்தில் 95-ஆம் நாள் முதலே அங்கங்கே செடி பிடுங்கி, ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். நூற்றுக்கு 75 காய்களில் உட்புறம் கருத்திருந்தால் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டாம். மழை வரும் போலிருந்தால் முன்கூட்டியே ஆட்களுக்குச் சொல்லி வையுங்கள்.

பிடுங்கிய செடிகளைக் காய் மேலே தெரியும்படி பரப்புங்கள். ஈரத்தோடு குவித்தால் பூசணம் பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரும். முளைவிட்ட காய்களைத் தனியே பொறுக்கி ஒதுக்குங்கள். அவை விதைக்கும் உணவுக்கும் ஆகா.

விதைக்கு வைத்த கடலையில் 100 பருப்பை எண்ணி, ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து 10-ஆம் நாள் பாருங்கள். 70-க்குக் குறையாமல் முளைத்தால் விதைக்கலாம். முளைக்காதவற்றை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உறங்குகிறது. குழைந்து நாறினால் செத்துவிட்டது. செத்த விதையைக் கழித்துவிட வேண்டும். உறங்கும் விதைக்கு நன்கு காயவைத்துச் சில வாரம் பொறுத்திருப்பதே செலவில்லா மருந்து. அவசரமாக விதைக்க வேண்டியவர்கள், எத்திலீன் தரும் எத்தரல் கரைசலை அளவறிந்து பயன்படுத்தலாம். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அணுகினால் அளவைக் கூறுவார்கள்.

மழை நம் கையில் இல்லை. ரகத்தின் உறக்கம் அறிந்து அறுவடை நாளைக் குறிப்பது நம் கையில் உள்ளது.