ஒளியும் இரைச்சலும்

நுழையும்முன்

எண்மின் ஒளிப்படக் கருவியில் உணர்திறன் அளவை மாற்றினால் படத்தின் பொலிவும் தெளிவும் மாறுகின்றன. அம்மாற்றத்தின் காரணத்தைக் குமரிமுனை விடியலின் துணைகொண்டு இப்பாடம் விளக்குகிறது.

இரு காட்சிகள்

கன்னியாகுமரிக் கடற்பாறைமீது 133 அடி உயரத்தில் நிற்கிறது திருவள்ளுவர் சிலை. அது 2000ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் திறக்கப்பட்டது. கதிரவன் எழுமுன் கரையில் நிற்பவர் இரண்டைக் காண்பார்: ஒன்று அசையாத சிலை, மற்றொன்று அலைமேல் விரையும் மீனவர் வள்ளம். ஒரே ஒளியில் இருந்தாலும் இவ்விரண்டையும் ஒரே முறையில் படமெடுக்க இயலாது.

உணர்திறன் செய்யும் பணி

கருவியின் உணரியை அடையும் ஒளியின் அளவை வில்லையின் துளையும் மூடுதிரை திறந்திருக்கும் நேரமும் முடிவு செய்கின்றன. ஐ.எஸ்.ஓ. எனப்படும் உணர்திறன் அளவு ஒளியைக் கூட்டுவதில்லை. பதிவான குறிப்பலையையே பெருக்கிக் காட்டுகிறது. இவ்வளவு இருமடங்காகும்போது, அதே பொலிவுக்குப் பாதி நேரம் போதும்.

ஐ.எஸ்.ஓ. 100இல் ஒரு நொடி தேவைப்படுவதாகக் கொள்வோம். முக்காலித் தாங்கியில் கருவியைப் பொருத்தினால் சிலை தெளிவாகப் பதியும். வள்ளமோ கலங்கிய கோடாகிவிடும். ஐ.எஸ்.ஓ. 6400இல் ஏறத்தாழ 1/60 நொடியே போதும்; வள்ளத்தின் உருவம் கலங்காது.

இரைச்சல் பிறக்கும் இடம்

ஒளி சிறுசிறு துகள்களாக, சீரற்ற எண்ணிக்கையில் வந்து சேர்கிறது. சராசரியாக 10,000 துகள்கள் விழுமிடத்தில் ஏற்றத்தாழ்வு 100 அளவில் இருக்கும். அது 1 விழுக்காடு. 100 துகள்களே விழுமிடத்தில் ஏற்றத்தாழ்வு 10. அது 10 விழுக்காடு. இவ்வேற்றத்தாழ்வே இருண்ட பகுதிகளில் மணல் தூவியது போன்ற இரைச்சலாகத் தெரிகிறது. எனவே, இரைச்சலின் முதன்மைக் காரணம் ஒளியின் பற்றாக்குறையே. ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்து இருண்ட படம் எடுத்து, பின்னர்க் கணினியில் பொலிவேற்றினாலும் இரைச்சல் நீங்காது.

தேர்வும் தெளிவும்

கதிரவன் எழுந்ததும் உணர்திறனைக் குறைத்தல் வேண்டும். இல்லையேல் வானம் வெண்மையாக வெளுத்து, அதன் நிறங்கள் இழக்கப்படும். இரைச்சலை ஓரளவு பின்னர்க் குறைக்கலாம். வெளுத்த வானத்தையும் கலங்கிய வள்ளத்தையும் மீட்பது அரிது. எதை இழக்கலாம், எதை இழக்கலாகாது என அறிந்து தேர்வதே ஒளிப்படக் கலையின் அடிப்படை.

கற்பவை கற்றபின்...

1. பத்மநாபபுரம் அரண்மனையின் மங்கலான உட்கூடத்து மரச்சிற்பத்தைப் படமெடுக்க எவ்வுணர்திறன் ஏற்றது? காரணம் கூறுக.
2. ஒரே காட்சியை மூன்று உணர்திறன் அளவுகளில் படமெடுத்து, நிழற்பகுதிகளை ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.