கறிக்கோழியின் வளர்ச்சியும் உயிரணுவின் அடுப்பும்

கறிக்கோழி வளர்க்கும் குடியானவர்களில் அநேகர் ஒரு காட்சியைக் கண்டு மனம் நொந்திருப்பார்கள். ஐந்தாவது வாரத்தில், விலைக்குப் போக இன்னும் சில தினங்களே இருக்கையில், கொட்டகையிலுள்ளவற்றில் மிகவும் கொழுத்த கோழிகள் சில விடியற்காலையில் மல்லாந்து கிடக்கும். நோஞ்சான் கோழிகள் பிழைத்திருக்க, நன்றாய்த் தின்று நன்றாய் வளர்ந்தவையே மாண்டு போவதைக் கண்டு, திருஷ்டி என்பாரும் தொத்து வியாதி என்பாரும் உண்டு. பல சமயங்களில் உண்மைக் காரணம் வேறாக இருக்கிறது. கோழியின் தேகம் வளரும் வேகத்துக்கும், அவ்வளர்ச்சிக்கு வேண்டிய பிராணவாயுவைக் கொணர்ந்து உபயோகிக்கும் சக்திக்கும் உள்ள பொருத்தம் குலைவதே அக்காரணமாகும். இதை அறிந்தவர் தீனியையும் கொட்டகையையும் தக்கவாறு அமைத்து நஷ்டத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடும்.

உயிரணுவும் அதன் அடுப்பும்

சுவர் செங்கற்களால் ஆனதுபோலக் கோழியின் தேகம் கண்ணுக்குப் புலப்படாத உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் அதைவிட நுண்ணிய உறுப்புகள் பல இருக்கின்றன. இவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியா என்னும் பெயரை 1898-ம் வருஷத்தில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் பெண்டா இட்டார். இழை, மணி என்னும் பொருளுள்ள இரு கிரேக்கச் சொற்களால் அமைந்த பெயராதலின், தமிழில் இதனை இழைமணி என்று வழங்குவர்.

தீனியிலுள்ள மாவுச்சத்தும் கொழுப்பும் செரித்து இரத்தத்தில் கலந்து உயிரணுவை அடைகின்றன. சுவாசித்த பிராணவாயுவும் அவ்வாறே வந்து சேருகிறது. இவ்விரண்டும் கூடிச் சக்தியாக மாறும் இடம் இழைமணியே. ஆகவே இதனை உயிரணுவின் அடுப்பு எனலாம். ஆனால் விறகு எரிவதுபோல ஒரே மூச்சில் இங்கு எரிவதில்லை. மேட்டூர் அணையில் ஒரு பக்கம் நீரைத் தேக்கி, அது இறங்கும் வேகத்தால் சக்கரங்களைச் சுழற்றி மின்சாரம் எடுப்பதுபோல, இழைமணியும் தன் உட்சுவரின் ஒரு பக்கத்தில் ஹைட்ரஜன் மின்துகள்களைத் தேக்கி, அவை திரும்பி வரும் வேகத்தால் சக்தியைச் சேமிக்கிறது. இவ்வுண்மையை இங்கிலாந்து தேசத்து அறிஞர் பீட்டர் மிட்செல் 1961-ல் எடுத்துக் கூறி, 1978-ல் நோபல் பரிசு பெற்றார்.

எல்லாத் தசைகளிலும் இழைமணிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. ஓயாது துடிக்கும் இருதயத்தில் அவை மிகுதி. நின்றும் நடந்தும் உழைக்கும் தொடைத் தசையில் ஓரளவு உண்டு. கறிக்கோழியின் நெஞ்சுத் தசையிலோ மிகவும் குறைவு. தொடைக்கறி சற்றுச் செந்நிறமாகவும் நெஞ்சுக்கறி வெண்மையாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

வளர்ச்சியின் வேகம்

கறிக்கோழியின் வளர்ச்சி எவ்வளவு துரிதப்பட்டிருக்கிறது என்பதைக் கனடா தேசத்து ஆல்பெர்ட்டா சர்வகலாசாலையார் 2014-ல் வெளியிட்ட பரீட்சை விளக்குகிறது. 1957-லும் 1978-லும் இருந்தவாறே மாற்றமின்றிக் காப்பாற்றி வந்த இரு வமிசங்களையும், 2005-ம் வருஷத்து வியாபார வமிசம் ஒன்றையும் ஒரே தீனி கொடுத்து வளர்த்தனர். 56-வது நாளில் அவற்றின் சராசரி எடை பின்வருமாறு இருந்தது:

1957-ம் வருஷத்து வமிசம் — 905 கிராம்
1978-ம் வருஷத்து வமிசம் — 1,808 கிராம்
2005-ம் வருஷத்து வமிசம் — 4,202 கிராம்

தீனி ஒன்றே. ஆகவே இவ்வித்தியாசம் முழுவதும் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்ததன் பலனாகும். ஆயினும் நெஞ்சுத் தசை பெருகிய அளவுக்கு இருதயமும் சுவாசப்பையும் பெருகவில்லை. பறவையின் சுவாசப்பை நம்முடையதைப்போல விரிந்து சுருங்கும் தன்மையதும் அன்று. சிறிய வாய்க்காலைக் கொண்டு பெரிய வயலுக்குப் பாய்ச்ச வேண்டி வந்த கதியே இக்கோழிக்கு நேர்ந்திருக்கிறது.

ஒரே தீனி, இருவேறு பலன்

ஒரே வமிசத்துக் கோழிகளுக்கு ஒரே தீனியைக் கொடுத்தாலும், சில அதை நன்றாய் மாமிசமாக்க, சில வீணாக்குவது ஏன்? அமெரிக்காவில் ஆர்க்கன்சா சர்வகலாசாலையைச் சேர்ந்த வால்டர் பாட்ஜியும் அவர் கூட்டத்தாரும் இக்கேள்வியை ஆராய்ந்து 2002-ல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். தீனியை வீணாக்கும் கோழிகளின் தசையிலிருந்து இழைமணிகளைப் பிரித்தெடுத்துச் சோதித்ததில், அவற்றில் மின்னணுக்களின் கசிவு அதிகமென்று கண்டனர்.

கிணற்றிலிருந்து இறைத்த நீர் வாய்க்காலில் கசிந்தால் வயலுக்குச் சேருவது குறையும். கசிந்த நீர் வரப்பையும் கெடுக்கும். இழைமணியிலும் அவ்வாறே. வழியில் கசிந்த மின்னணுக்கள் பிராணவாயுவுடன் சேர்ந்து, ஹைட்ரஜன் பெராக்சைடு முதலான உக்கிரமான பொருள்களாக மாறுகின்றன. புண்ணைக் கழுவப் பயன்படும் அப்பொருள் உயிரணுவுக்குள் மிகுந்தால் புரதங்களையும் கொழுப்புச் சுவர்களையும் அரித்துவிடும். அவற்றைப் பழுது பார்ப்பதற்கும் தீனியின் ஒரு பங்கு செலவாக வேண்டியிருக்கிறது.

வயிற்றில் நீர் கோத்தல்

முதலில் கூறிய கொழுத்த கோழிகளின் மரணத்துக்கு இனி வருவோம். வேகமாய் வளரும் தேகம் ஏராளமான பிராணவாயுவைக் கேட்கிறது. அதைக் கொடுக்க இருதயத்தின் வலப்பாகம் சிறிய சுவாசப்பையினூடே மேன்மேலும் இரத்தத்தைத் தள்ளுகிறது. குழாய்களில் அழுத்தம் மிகுந்து, வலப்பாகம் தடித்துப் பின் தளர்ந்து, இரத்தம் ஈரலில் தேங்குகிறது. ஈரலிலிருந்து கசியும் நீர் வயிற்றில் நிறைகிறது. இவ்வியாதியுற்ற கோழிகளின் இழைமணிகளிலும் மேற்கூறிய கசிவு மிகுந்திருப்பதாக ஆர்க்கன்சா ஆராய்ச்சியாளர் கண்டனர். வந்துசேரும் கொஞ்சம் பிராணவாயுவும் அங்கு சரிவரப் பயன்படுவதில்லை.

இவ்வியாதி முதலில் தென்னமெரிக்காவின் உயர்ந்த மலைப் பிரதேசங்களில் அதிகமாய்க் காணப்பட்டது. வளர்ச்சி துரிதப்படவே, பிற்காலத்தில் சமவெளிகளிலும் தோன்றலாயிற்று. குளிர் இதனை மிகுவிக்கும். ஆதலால் நீலகிரி போன்ற இடங்களில் கோழி வளர்ப்போரும், சமவெளியில் மார்கழி, தை மாதங்களில் குஞ்சு இறக்குவோரும் அதிக ஜாக்கிரதையாய் இருத்தல் வேண்டும்.

கோழிகள் மாண்டதாகச் செய்தி வரும்போது கிராம அதிகாரிகள் இதனை ராணிக்கெட்டு என்னும் வெள்ளைக்கழிச்சலினின்றும் பிரித்தறிதல் நலம். வெள்ளைக்கழிச்சலில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, சில கோழிகளுக்குக் கழுத்துத் திருகி, நோய் விரைவில் கொட்டகை முழுவதும் பரவும். நீர் கோத்த கோழியோ கொண்டை நீலம் பாரித்து, வயிறு பருத்து, இளைத்து இளைத்து மூச்சு விடும். இறந்தபின் திறந்து பார்க்கின் வயிற்றில் வைக்கோல் நிறமான நீர் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இது தொற்றுவதில்லை. சந்தேகம் இருப்பின் திறப்பதை மிருக வைத்தியரிடம் விட்டுவிடல் வேண்டும்.

கோடையின் கொடுமை

கோழியின் உடல் உஷ்ணம் ஏறக்குறைய 41 டிகிரி சென்டிகிரேடு. அதற்கு வியர்வை இல்லை. வாயைத் திறந்து இளைப்பதே உஷ்ணத்தைப் போக்கும் முக்கிய வழி. ஜப்பானில் செண்டாய் நகரத்துத் தொஹோகு சர்வகலாசாலையார் 2005-ல் வெளியிட்ட பரீட்சையில், கறிக்கோழிகளை 34 டிகிரி உஷ்ணத்தில் 18 மணி நேரம் வைத்தபோது தசை இழைமணிகளில் உக்கிரப் பொருள்கள் மிகுந்தன. அவர்களே 2009-ல் ஒலிவ எண்ணெய் கலந்த தீனியால் அக்கேடு குறைவதையும் காட்டினர். இதனால் நம் குடியானவர்கள் ஒலிவ எண்ணெய் வாங்க வேண்டுமென்பது கருத்தன்று. தீனியிலுள்ள கொழுப்பின் தன்மை இழைமணியின் தொழிலை மாற்ற வல்லது என்பதே கொள்ளத்தக்க பாடம்.

செய்யத்தக்கவை

பல்லடம் முதலிய இடங்களில் ஒப்பந்த முறையில் வளர்ப்போருக்குத் தீனியின் கலவை கம்பெனியாரிடமிருந்தே வருகிறது. ஆயினும் தீனி வைக்கும் நேரம், காற்று, உஷ்ணம், வெளிச்சம் ஆகியவை அவர்கள் கையிலேயே இருக்கின்றன.

1. இரண்டாவது வாரத்தில் வளர்ச்சியைச் சிறிது நிதானப்படுத்துக. இரவில் சில மணி நேரம் இருட்டாக வைத்தல், குருணைத் தீனிக்குப் பதில் மாவுத் தீனி கொடுத்தல் ஆகிய இரண்டும் இதற்கு ஏற்றவை. இருதயமும் சுவாசப்பையும் உறுதிப்பட அவகாசம் கிடைக்கும். குறைந்த எடையின் பெரும்பகுதியைக் கோழி பின்னர் ஈடுசெய்துகொள்ளும். முதல் வாரத்தில் இவ்வாறு செய்தலாகாது.

2. சிக்கு வாடை வீசும் எண்ணெயையும் தவிட்டையும் விலக்குக. அரிசித் தவிடு அரைத்த சில தினங்களிலேயே கெட்டுப்போகும் இயல்புடையது. கெட்ட கொழுப்பு, இழைமணியில் தானே உண்டாகும் கேட்டை இரட்டிப்பாக்கும்.

3. தாமே தீனி கலப்போர் ஈ வைட்டமினும் செலினியமும் ரிபோபிளேவினும் குறையாமல் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் உக்கிரப் பொருள்களை அடக்குவன. மூன்றாவது இழைமணியின் தொழிலுக்கே இன்றியமையாதது. ரிபோபிளேவின் குறைந்தால் குஞ்சுகளின் கால்விரல்கள் உள்ளே சுருண்டுகொள்ளும். செலினியம் அளவு மிஞ்சினால் விஷமாதலின், கைமதிப்பாய்ச் சேர்க்காமல், தயாரித்த கலவையைக் குறித்த அளவில் சேர்க்க வேண்டும்.

4. கொட்டகையில் எருவின் நெடி கண்ணைக் கரிக்கும்படி விடலாகாது. குளிருக்கு அஞ்சித் திரையை முழுவதும் மூடிவிடுவோர் பலர். அதனால் சுவாசப்பை கெட்டு நீர் கோத்தலுக்கு இடமாகும். குஞ்சுகளுக்கு வெப்பம் கொடுத்துக்கொண்டே, மேற்புறமாய்க் காற்றுப் போக வழிவிடுக.

5. கோடையில் காலை 10 மணிக்குள் தீனியை நிறுத்தி, வெயில் தாழ்ந்த பின் மறுபடி வைக்க. செரிமானத்தால் உண்டாகும் உஷ்ணம் நடுப்பகலின் உஷ்ணத்துடன் சேராமலிருக்கும். குளிர்ந்த நீர் எப்பொழுதும் இருக்க வேண்டும்.

6. வாரந்தோறும் சில கோழிகளை நிறுத்து எடையையும், செலவான தீனியையும், இறந்தவற்றின் தொகையையும் ஒரு நோட்டில் குறித்து வருக. எந்த வாரத்தில் தவறு நேர்ந்தது என்பதை அதுவே காட்டும்.

லாப நஷ்டக் கணக்கு

இரண்டு கிலோ எடையுள்ள கோழி அதுவரை சுமார் மூன்று கிலோ தீனி தின்றிருக்கும். ஐந்தாவது வாரத்தில் அது மாண்டால், குஞ்சின் விலையோடு அத்தீனியும் மண்ணாய்ப் போகிறது. இரண்டாவது வாரத்தில் எடை சற்றுக் குறைவதைப் பார்த்து மனம் பதறுவோர், இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பெரிய அடுப்பில் விறகை அடைத்துக் காற்றுத் துவாரத்தை மூடினால் புகையே மிஞ்சும். தீனியை மட்டும் பெருக்கிக் காற்றையும் காலத்தையும் மறந்தவரின் கொட்டகையும் அப்படியே ஆகும். அடுப்பின் அளவறிந்து விறகிடுவோருக்கே கறிக்கோழி நிலையான லாபம் தரும்.