வால்வு ஆம்ப்: எதுவரை நாமே பார்க்கலாம்?

வால்வு ஆம்ப் கரகரத்தால் உடனே மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள்தான் அதிகம். உள்ளே ஷாக் அடிக்கும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் அது சேசிஸுக்குள் கைவைக்கும்போது இருக்க வேண்டியது. என்னிடம் இருப்பது ஃபெண்டர் ’65 டீலக்ஸ் ரிவெர்ப். அதில் வந்த கோளாறுகளில் பெரும்பாலானவை சேசிஸைத் திறக்காமலே தீர்ந்துவிட்டன.

பின்பக்கம் குனிந்து பார்த்தால் வால்வுகள் தலைகீழாகத் தொங்கும். வலது ஓரத்தில் இருக்கும் முதல் 12ஏஎக்ஸ்7 நார்மல் சேனலுக்கு, அடுத்தது வைப்ரேட்டோ சேனலுக்கு. வைப்ரேட்டோவில் இரைச்சல் வந்தால் ஆம்பை அணைத்து, பிளக்கை உருவி, வால்வுகள் ஆறியதும் அந்த இரண்டையும் இடம் மாற்றிப் போடுவேன். இரைச்சலும் கூடவே நார்மல் சேனலுக்குப் போனால் வால்வுதான் குற்றவாளி. போகாவிட்டால் கோளாறு வேறெங்கோ. இதற்கு மீட்டரும் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவரும் வேண்டாம். ஆம்ப் ஓடும்போது பென்சில் நுனியால் வால்வை மெல்லத் தட்டினால் ‘டிங்’ என்று ஸ்பீக்கரில் மணியடிக்கும் வால்வையும் இப்படியே பிடித்துவிடலாம்.

வால்வைப் பிடுங்கும்போது அவசரம் கூடாது. லேசாக ஆட்டி, நேராக இழுக்க வேண்டும். பெரிய 6வி6 வால்வுகளின் அடியில், நடுவே ஒரு பிளாஸ்டிக் குச்சி இருக்கும். அதிலுள்ள மேடுதான் வால்வு எந்தப் பக்கமாக உட்கார வேண்டும் என்று காட்டுவது. குச்சி உடைந்த வால்வைத் தப்பாகச் செருகிவிட முடியும், செருகினால் ஃபியூஸோடு போகாது. அப்படிப்பட்டதைத் தூக்கிப் போடுங்கள். கண்ணாடியில் விரல் ரேகை படக்கூடாது என்பார்கள். அது ஹாலஜன் பல்புக்கான விதி, இங்கே பொருந்தாது.

12ஏஎக்ஸ்7 மாற்றினால் பயாஸ், அதாவது சிக்னல் இல்லாதபோது வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு, பார்க்க வேண்டியதில்லை. 6வி6 ஜோடியை மாற்றினால் பார்த்தே ஆக வேண்டும். வாக்ஸ் ஏசி30 போல கேத்தோடு பயாஸ் உள்ள ஆம்புகளில் திருகிச் சரிசெய்ய ஒன்றுமில்லை. வால்வுக்குள் நீல ஒளி தெரிந்தால் பெரும்பாலும் கவலை வேண்டாம். உள்ளிருக்கும் தகடே செக்கச்செவேலெனப் பழுத்தால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள்.

ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு ஆம்பை ஓட்டவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போகலாம், அதன் விலை சாதாரணமல்ல. ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர், அதே ரகம்தான். புதிதும் போனால் மூன்றாவதைப் போடாதீர்கள்.

வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் அடிக்கச் சேசிஸைக் கழற்றத்தான் வேண்டும். இங்கேதான் பயம் தேவை. இந்த ஆம்பின் ஃபில்டர் கண்டென்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கை உருவிய பிறகும் தங்கியிருக்கலாம். பலர் ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்க விடுகிறார்கள். எனக்கு அந்த வீரம் பிடிக்காது. 100 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரு முனையிலும் காப்பிட்ட வயரும் கிளிப்பும் வைத்திருக்கிறேன். முதலில் ஒரு கிளிப் சேசிஸில். மற்றொன்று, ஒரே கையால், கண்டென்சரின் பிளஸ் முனையில். இடது கை அப்போது பாக்கெட்டில் இருக்கும், கைக்குக் கை நெஞ்சு வழியாக மின்சாரம் பாயக் கூடாதே. ஒரு நிமிடம் பொறுத்து, 1000 வோல்ட் டிசி தாங்கும் மீட்டரால் ஒவ்வொரு கண்டென்சரையும் அளப்பேன். சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அளப்பேன், ஏனென்றால் இறங்கிய வோல்ட்டேஜ் தானாகவே சற்று ஏறுவதுண்டு.

கிளீனர் அடித்தும் சில நாளில் கரகரப்பு திரும்பினால் அழுக்கின் மேல் பழி போடாதீர்கள். கப்ளிங் கண்டென்சர் ஒன்று டிசியைக் கசியவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வேலையையும், ஃபில்டர் கண்டென்சர் மாற்றுவதையும், பயாஸையும் நான் மெக்கானிக்கிடமே விட்டுவிடுகிறேன். எந்த வால்வை எங்கே மாற்றிப் பார்த்தேன் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் அவருக்கும் பாதி வேலை மிச்சம்.