மழை விட்ட பிறகு: கார் கழுவ வந்திருக்கும் தம்பிமாருக்கு

நவி மும்பையின் சான்பாடாவில் விடிவதற்கு முன்பே பக்கெட்டும் துணியுமாக சொசைட்டி கேட்டுக்குள் நுழைகிற பையன்களில் நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். செம்பூரில் ஒரு ஒர்க்ஷாப்பில் காருக்குப் பெயிண்ட் அடித்தே வயதானவன் நான். கழுவத் தெரியாதவன் கெடுத்த வண்டிகளைச் சரிசெய்துதான் பாதி நாள் சம்பளம் வாங்கினேன்.

குளிர் நாடுகளில் பனி உருகச் சாலையில் உப்புப் போடுவார்கள். அது காரை அரிக்கும். அதனால் குளிருக்கு முன்னால் அங்கே வாக்ஸ் பூசுவார்கள். நமக்கு அந்தக் குளிர் ஏது? சாந்தாகுரூஸில் 1962 ஜனவரி 22 அன்று 7.4 டிகிரி பதிவானது. மும்பைக்காரன் இன்னும் அதைச் சாதனையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நமக்குக் குளிர்காலம் என்றால் தூசுக்காலம். மழை நின்றதும் காற்று அடங்கிவிடும். கட்டடம் கட்டுகிற சிமென்ட் தூசு, துர்பே பக்கத்து மலையை உடைத்த கல்தூசு, ஏபிஎம்சி மார்க்கெட்டுக்கு வருகிற லாரிப் புகை எல்லாம் மேலே போக முடியாமல் தாழ்வாகவே நிற்கும். பக்கத்தில் தானே கழிமுகத்தின் உப்புக்காற்று வேறு. டிசம்பர், ஜனவரி விடியலில் பனி இறங்கி இத்தனையையும் குழைத்துக் கார் மேல் அப்பிவிடும்.

1. நாளைப் பார்த்து வேலையைத் தொடங்கு. மும்பையில் பருவமழை விலகும் நாள் என்று வானிலைத் துறை வைத்திருப்பது அக்டோபர் 8. சில வருடம் முன்னே பின்னே ஆகும். மழை நின்றதிலிருந்து தீபாவளி வரை இருக்கிற இடைவெளிதான் காரை முழுசாகச் சுத்தம் செய்து வாக்ஸ் போடுவதற்கான நேரம். அக்டோபர் வெயில் சுள்ளென்று இருக்கும், அதனால் நிழலில் வைத்துச் செய். தீபாவளிக்கு முந்தின நாள் எல்லா ஓனரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அவசர வேலைதான் முடியும், நல்ல வேலை முடியாது.

2. நீ தொடுவது எவ்வளவு மெல்லியது என்று தெரிந்துகொள். கம்பெனியில் கார் உடம்பை மருந்துத் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி ஒரு பூச்சு ஏற்றுவார்கள், துருவுக்கு எதிரான பூச்சு அது. அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத க்ளியர் கோட். மொத்தமும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பளபளப்பும், வெயிலைத் தாங்கும் சக்தியும் இருப்பது மேலே உள்ள க்ளியர் கோட்டில். அது 40, 50 மைக்ரான் இருந்தால் பெரிது. தலைமுடி அதைவிடத் தடிமன். பழைய கார்களின் பானெட்டிலும் கூரையிலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்திருப்பதைப் பார்த்திருப்பாய். க்ளியர் கோட் போய்விட்டது என்று அர்த்தம். அதைத் திரும்பப் போடக் கழுவுகிறவனால் முடியாது, பெயிண்டர்தான் வரவேண்டும். தேய்க்க ஒவ்வொரு முறை கை போகும்போதும் இது நினைப்பில் இருக்கட்டும்.

3. காய்ந்த தூசு மேல் துணி போடாதே. நான் சொல்கிற மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே.

நம் பையன்கள் வேலை செய்வது எப்படி என்று எனக்குத் தெரியும். ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு துணி, பத்துக் கார். மூன்றாவது காரிலேயே தண்ணீர் காப்பி நிறத்துக்கு வந்துவிடும். மிச்ச ஏழு காரையும் அந்தச் சேற்றால்தான் துடைக்கிறான். கல்தூசு என்பது என்ன? இந்த மேற்குத்தொடர் மலைப் பாறையை, எரிமலைக் குழம்பு இறுகின கருங்கல்லைப் பொடித்தது. ஆற்று மணல் தூசில் இருக்கிற படிகக்கல் அதையும் விடக் கடினம். க்ளியர் கோட் இரண்டுக்கும் முன்னால் நிற்காது. துணியால் வட்டமாகத் துடைத்தால் அந்தத் துகள் ஒவ்வொன்றும் வட்டமாகவே கீறும். அன்றைக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துக் கறுப்புக் காரை வெயிலில் நிறுத்திப் பார், சிலந்திவலை பின்னின மாதிரி இருக்கும். வெள்ளைக் காரிலும் அதே கீறல் உண்டு, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

பனி விழுந்த காலையில் கார் ஏற்கெனவே ஈரமாக இருக்கிறதே, அப்படியே துடைத்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. அந்த ஈரம் தூசைச் சேறாக்கத்தான் போதும், அடித்துக்கொண்டு போகப் போதாது. தண்ணீர் கிடைக்காத நாளில் கண்ணாடி, பக்கத்துக் கண்ணாடி, கதவுப்பிடி, நம்பர் பிளேட், இவற்றை மட்டும் துடைத்துவிட்டு பெயிண்டை விட்டுவிடு. ஓனரிடம் முன்கூட்டியே சொல்லி வை: "தினம் துணி போடுவதற்குப் பதில் வாரத்துக்கு இரண்டு நாள் ஒழுங்காகக் கழுவுகிறேன், மற்ற நாள் கண்ணாடி மட்டும்." பத்துக் காரையும் இப்படி முறை வைத்துப் பிரித்துக்கொண்டால் உனக்கும் தண்ணீர் போதும். சில ஓனருக்குக் காலையில் ஜன்னல் வழியே பார்க்கும்போது பையன் துணியோடு நிற்கவேண்டும், இல்லாவிட்டால் சம்பளம் வீண் என்று நினைப்பு. அவருக்கு மொபைல் டார்ச்சை அடித்து பானெட்டில் இருக்கிற வட்டக் கீறலைக் காட்டு. பேச்சு குறையும்.

4. கழுவும் முறை. அரிசி களைவதை நினைத்துக்கொள்: முதல் தண்ணீர் அழுக்கைக் கொண்டுபோவதற்கு, கை வைப்பதற்கல்ல. பல சொசைட்டிகளில் பைப் போட விடமாட்டார்கள். செடிக்கு மருந்தடிக்கிற கைப்பம்பு புதிதாக ஒன்று வாங்கிக்கொள், ஏழெட்டு லிட்டரில் ஒரு காரை நனைத்துத் தூசை இறக்கிவிடலாம். மருந்தடித்த பழைய பம்பு ஆகாது.

சக்கரத்தை முதலில் முடி, அதற்குத் தனி பக்கெட், தனி துணி. பிரேக் தூள் ஒட்டின துணி மேலே வரக்கூடாது. பிறகு இரண்டு பக்கெட்: ஒன்றில் ஷாம்பூ தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். காரைத் தொட்ட துணியை வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பூவில் முக்கு. கூரையிலிருந்து கீழே வா. கதவின் அடிப்பகுதியும் பம்பரும் கடைசி. நேர்கோட்டில் இழு, வட்டம் போடாதே, அமுக்காதே. துணி கீழே விழுந்தால் அன்றைக்கு அது பெயிண்டுக்கு உதவாது.

கார் ஷாம்பூ வாங்கு. துணி சோப்புத் தூளும் பாத்திர சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்தவை, நீ போட்ட வாக்ஸையும் சேர்த்தே எடுத்துவிடும்.

தானாகக் காயவும் விடாதே. முனிசிபாலிட்டியின் மோர்பே அணைத் தண்ணீர் என்றால் கறை குறைவு. கழிமுகம் பக்கத்து போர்வெல் தண்ணீரும் சில டாங்கர் தண்ணீரும் காய்ந்தால் வெள்ளை வட்டம் நிற்கும். அது உப்பும் சுண்ணாம்பும். வெயிலில் சூடேறினால் பெயிண்டில் பதிந்துவிடும். புதிதாக விழுந்த கறைக்கு வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து ஒற்றி, உடனே நிறையத் தண்ணீர் விடு. துவட்டுவதற்குத் தடித்த மைக்ரோஃபைபர் துணி; விரித்துப் போட்டு இழு. பழைய பனியன், கிழிந்த சட்டை வேண்டாம். தையலும் பட்டனும் கீறும்.

5. மழை விட்டுப்போன சேற்றைத் தேடு. மட்கார்டின் உள்விளிம்பு, கதவின் அடியில் இருக்கிற சிறு துளைகள், முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கிற பள்ளம். தூங்குமூஞ்சி மரத்துக்கு அடியில் நிறுத்தின காரில் இந்தப் பள்ளம் முழுக்கச் சின்ன இலையாக அடைத்திருக்கும். துரு தொடங்குவது இங்கேதான், பளபளப்பாகத் தெரிகிற இடத்தில் அல்ல.

6. ரயில் தூளை மறந்துவிடாதே. சான்பாடாவில் லோக்கல் ரயில்களின் கார்ஷெட் இருக்கிறது, ஹார்பர் லைன் பக்கத்திலேயே ஓடுகிறது. சக்கரமும் தண்டவாளமும் உரசுகிற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத இரும்புத்தூள் பறக்கும். மழையில் நனைந்து துருப்பிடித்து, வெள்ளைக் கார்களில் ஆரஞ்சு நிறப் புள்ளியாகத் தெரியும். ஓனர் காரே துருப்பிடித்துவிட்டது என்று பயந்துவிடுவார். பெரும்பாலும் அது வெளியிலிருந்து வந்து ஒட்டினதுதான்.

கழுவித் துவட்டிய காரின் மேல், கையில் ஒரு மெல்லிய பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு தடவிப் பார். சொரசொரப்பு இருந்தால் ஒட்டின தூள் இருக்கிறது. இரும்பைக் கரைக்கிற ஸ்ப்ரே கிடைக்கிறது. இரும்பு பட்ட இடம் ஊதாவாக மாறி வழியும். காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். மிச்சத்துக்கு க்ளே. களிமண் மாதிரி இருக்கிற அந்தக் கட்டியைச் சிறிதாகக் கிள்ளித் தட்டையாக்கு. ஷாம்பூ தண்ணீர் தாராளமாக விட்டு, பாரம் கொடுக்காமல் முன்னும் பின்னும் நகர்த்து. அழுக்கேறினால் மடித்துப் புதுப்பக்கம் எடு. கீழே விழுந்தால் தூக்கி எறி. விலை அதிகம் என்று துடைத்துப் பயன்படுத்தினால் மணல் ஒட்டின க்ளே ஒரே இழுப்பில் நீளமாகக் கோடு போடும். வருடத்துக்கு ஒருமுறை, இந்தப் பருவத்தில் மட்டும் செய்தால் போதும். க்ளே போட்டபின் பெயிண்ட் வெறுமையாக நிற்கும், அன்றே வாக்ஸ் போட்டுவிடு.

7. ரப்பிங் காம்பவுண்டைத் தொடாதே. அதைப் போட்டால் கீறல் மறையக் காரணம், கீறலைச் சுற்றியுள்ள க்ளியர் கோட்டைத் தேய்த்துத் தாழ்த்துவதுதான். தெரிந்த கைக்கு அது மருந்து. உனக்கு இன்னும் இரண்டு வருடம் வேண்டும்.

8. வாக்ஸ். இதில் பேர்பெற்றது கார்னூபா, பிரேசிலின் வடகிழக்கில் வளர்கிற ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதனால் நம் வெயிலில் கூரை சுட்டாலும் ஓடிவிடாது. ஆனாலும் நம் ஊர் தூசிலும் கழுவலிலும் ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் எதிர்பார்க்காதே. சீலன்ட் என்று விற்கிற செயற்கைப் பூச்சு அதைவிடக் கூடுதல் நாள் நிற்கும். பளபளப்பு கொஞ்சம் கண்ணாடித்தனமாக இருக்கும், எனக்குப் பிடிக்காது; ஆனால் தினமும் வெளியில் நிற்கிற காருக்கு அதுதான் சரி. குர்லா சிஎஸ்டி ரோடு கடைகளில் விசாரித்து வாங்கு. எதுவானாலும் மெல்லிசாகப் பூசு. ஒரு பானல் பூசி, லேசாக மங்கினதும் துடைத்துவிட்டு அடுத்த பானலுக்குப் போ. கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளைக் கறை விடும்.

செராமிக் கோட்டிங் போட்ட கார்களும் உன் கைக்கு வரும். "9எச் கடினம், கீறவே கீறாது" என்று ஓனர்களிடம் சொல்லி விற்றிருப்பார்கள். அந்த 9எச் பென்சில் முனையை வைத்துச் சோதிக்கிற அளவு, வைரம் வரை போகிற கல் அளவு அல்ல. தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு சீக்கிரம் இறங்கும், அது உண்மை. மூன்றாவது அறிவுரை அந்தக் காருக்கும் உண்டு.

9. பறவை எச்சம். காகமும் புறாவும்தான் எதிரி. பாம் பீச் ரோடு பக்கம் வருகிற பூநாரைகள் சேற்றிலேயே நின்றுகொள்ளும், பாவம், அவற்றால் தொந்தரவில்லை. எச்சத்தில் அமிலம் உண்டு. வெயிலில் பெயிண்ட் சூடாகி இளகும்போது அது உள்ளே அரித்து, அதே வடிவத்தில் தழும்பு விடும். பார்த்தவுடன் எடு, ஆனால் சுரண்டாதே. நனைத்த துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊறவிட்டு, அப்படியே ஒற்றித் தூக்கு. எச்சத்திலும் மண்ணும் விதையும் இருக்கும்.

10. ஆயுத பூஜை இந்தப் பருவத்தில்தான் வரும். சந்தனம், குங்குமம், மஞ்சள், செண்டுமல்லி மாலை எல்லாம் பானெட்டில் ஏறும். வேண்டாம் என்று நீ சொல்லவும் முடியாது, சொல்லவும் வேண்டாம். குங்குமத்தை முன்கண்ணாடியில் வைக்கச் சொல், தெய்வத்துக்கு அங்கேயும் ஏற்பு உண்டு. வாக்ஸ் போட்ட காராக இருந்தால் சாயம் ஒட்டுவது குறையும். மாலையைக் கம்பியால் கட்டினால் கீறும், நூலால் கட்டிக் கொடு. மறுநாள் காலையிலேயே எல்லாவற்றையும் தண்ணீரால் இறக்கிவிடு. தீபாவளிப் பட்டாசுச் சாம்பலுக்கும் இதே வழி. மார்ச்சில் ஹோலிக்கு நாலு நாள் முன்னால் இன்னொரு தடவை வாக்ஸ் போட்டால் சாயம் தண்ணீரோடு போய்விடும். வாக்ஸுக்குத் தனிக் காசு என்று முதலிலேயே பேசிக்கொள். மாசச் சம்பளத்தில் அதைச் சேர்க்காதே.

11. கவர் போடுகிற ஓனர்களிடம் ஒன்று சொல். தூசு படிந்த கார் மேல் கவர் போட்டால், காற்றில் அது அசையும்போதெல்லாம் அரத்தின் வேலை நடக்கும். கழுவித் துவட்டிய கார் மேல்தான் கவர். உள்பக்கம் மென்துணி வைத்ததாக இருக்க வேண்டும்.

12. உன் கை. இரும்பு ஸ்ப்ரே அழுகின முட்டை மாதிரி நாறும், தோலை எரிக்கும். ரப்பர் கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் அடி. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் கூடாது. டிசம்பரில் சோப்புத் தண்ணீரிலேயே நிற்கிற விரல்கள் வெடிக்கும். இரவு தேங்காய் எண்ணெய் தடவிப் படு. காலையில் காரைத் தொடுவதற்கு முன் சோப்பு போட்டுக் கையைக் கழுவு, இல்லாவிட்டால் கதவுக் கண்ணாடி முழுக்க உன் விரல் தெரியும்.